பச்சை உப்பும் பத்தாம் வகுப்புப் பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். தேர்வு ஒன்றும் வைக்கப் போவதில்லை.

நம் சொந்தக்காரர்களில் பலர் பிள்ளைகளை ராஜபாளையத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு என்ற பாடம் இருக்காது. 2023இல் வந்த புத்தகத்திலிருந்து என்.சி.இ.ஆர்.டி. அதை எடுத்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளின் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். நாடு முழுவதும் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தபோது, பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடம் அப்படியே இருக்கிறதே என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில்தான் எனக்குச் சண்டை. பதினொன்றில் அது யாருக்கு இருக்கிறது? வேதியியல் எடுக்கிற பிள்ளைக்கு இருக்கிறது. காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு இல்லை. பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் இல்லை. டாக்டராகவும் என்ஜினியராகவும் ஆகப்போகிறவனுக்கு எப்படியும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பத்தோடு நிற்கிறவனுக்குப் பத்தாம் வகுப்புதான் கடைசி வாசல். அதை அடைத்துவிட்டு மாடியில் ஜன்னல் திறந்திருக்கிறது என்று சொன்னால் எப்படி?

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பாடம் இன்னும் இருக்கிறது. மகிழ்ச்சி. நாளைக்கு இங்கேயும் யாராவது சுமை என்று பேச ஆரம்பித்தால், விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் முதல் ஆளாக எழுந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தளவாய்புரத்திலிருந்து சிவகாசி ஒன்றும் தூரமில்லை. இப்போது நம் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நைட்டிதான் ஞாபகம் வரும். ஆனாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ ஒரு ஆளாவது போகாத தெரு குறைவு. அங்கே ஒரு வெள்ளைத் தூள் உண்டு. அதன் பெயர் பச்சை உப்பு. பார்த்தால் பச்சையாக இருக்காது, எரித்தால் பச்சை வெளிச்சம் தரும். புத்தகத்தில் அதன் பெயர் பேரியம் நைட்ரேட்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்றது. 2021இல் அதையே மறுபடி உறுதியாகச் சொன்னது. 2023 செப்டம்பரில், பசுமைப் பட்டாசிலாவது பேரியத்தை அனுமதியுங்கள் என்று உற்பத்தியாளர்கள் கேட்டதையும் மறுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2017 ஜூலையில், லித்தியம், ஆன்டிமனி, பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகிய ஐந்தும் எந்த வடிவிலும் பட்டாசில் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தது. இந்த உத்தரவுகளைக் கவனித்துப் பாருங்கள். டெல்லியில் நீதிபதிகள் தனிமங்களின் பெயரைச் சொல்லித்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்த மருந்தைக் கையால் கலக்கிறவருக்கு அது பச்சை உப்பு. தன் வேலையைப் பற்றி நடக்கிற வழக்கு எந்த மொழியில் நடக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போனால், அது யாருடைய குறை? பள்ளிக்கூடத்தின் குறை என்றுதான் சொல்வேன்.

பேரியம் கெட்டது என்று மனப்பாடம் செய்தாலும் போதாது. வயிற்று எக்ஸ்ரே எடுக்கும்போது வெள்ளையாக ஒரு திரவத்தைக் குடிக்கச் சொல்வார்கள், உங்களில் சிலர் குடித்திருப்பீர்கள். அதுவும் பேரியம்தான், பேரியம் சல்பேட். தண்ணீரில் கரையாது, வயிற்று அமிலத்திலும் கரையாது, உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடும். பேரியம் கார்பனேட் எலிப் பாஷாணம். பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும், அதுவும் விஷம். ஒரே தனிமம்தான். அது யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மருத்துவமனையில் குடிக்கக் கொடுப்பதாகவும் இருக்கிறது, எலியைக் கொல்வதாகவும் இருக்கிறது. தனிமம் வேறு, சேர்மம் வேறு என்று ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான்.

ஏன் விஷம் என்று கேட்டால் அட்டவணையே பதில் சொல்லும். பேரியம் அயனியின் அளவு ஏறக்குறைய பொட்டாசியம் அயனியின் அளவு. நம் தசையிலும் இதயத்திலும் பொட்டாசியம் போய்வர நுண்ணிய வழிகள் உண்டு. அந்த வழியில் பேரியம் நுழைந்து அடைத்துக்கொள்கிறது. தசை தளர்ந்து போகும், இதயத் துடிப்பு தடுமாறும்.

இரண்டாவது தொகுதியை நீங்கள் வாய்ப்பாடு மாதிரி சொன்னது நினைவிருக்கிறதா? பெரிலியம், மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ரேடியம். கடைசி பெஞ்சில் ராகம் போட்டுப் பாடிய ஒருவன் இப்போது துபாயில் இருக்கிறான், படிப்பான் என்று நினைக்கிறேன். இதில் மக்னீசியத்தின் அணு எண் 12. அதோடு 8 கூட்டினால் 20, கால்சியம். 18 கூட்டினால் 38, ஸ்ட்ரான்ஷியம். இன்னொரு 18 கூட்டினால் 56, பேரியம். இந்த நாலையும் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஒரே ஆள், லண்டனில் ஹம்ப்ரி டேவி. ஒரே ஆண்டில், 1808இல், மின்சாரத்தைக் கொண்டு பிரித்தார். நம் தீபாவளி ராத்திரியில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பத்தின் உபயம். கண் கூசும் வெள்ளை மக்னீசியம் (அலுமினியமும் அதைச் செய்யும்), செங்கல் நிறம் கால்சியம், ரத்தச் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம், பச்சை பேரியம். மஞ்சளுக்கு மட்டும் சோடியத்திடமும் நீலத்துக்குத் தாமிரத்திடமும் போக வேண்டும்.

ஸ்ட்ரான்ஷியம் என்ற பெயர் ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ஷியன் என்கிற ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். சுவீடனில் இட்டர்பி என்று இன்னொரு கிராமம், அதன் பெயரில் நாலு தனிமங்கள் இருக்கின்றன. கிராமத்தான் என்று யாராவது உங்களைக் கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள்.

ஒரே நெடுவரிசையில் நிற்கிறவை குணத்திலும் உறவு. இது வெறும் பரீட்சை வாக்கியம் அல்ல. அமெரிக்காவில் 1920 வாக்கில் கடிகார முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிர வேண்டும் என்று ரேடியம் கலந்த பூச்சைப் பெண்கள் தூரிகையால் தீட்டினார்கள். முனை கூர்மையாக இருக்க அதை உதட்டில் வைத்துச் சரிசெய்யச் சொன்னார்கள். ரேடியம் உடம்புக்குள் போனதும், தன் வரிசையில் இருக்கிற கால்சியம்தான் வந்திருக்கிறது என்று எலும்பு அதை வாங்கி வைத்துக்கொண்டது. தாடை எலும்பு அரித்துப் போய்ப் பலர் இறந்தார்கள். அணுகுண்டுச் சோதனையில் வந்த ஸ்ட்ரான்ஷியம் 90ஐப் பார்த்து உலகம் பயந்ததும் இதே காரணத்தால்தான். எந்தப் பொருள் உடம்பில் எங்கே போய் உட்காரும் என்று ஒரு சுவர்ப் படத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்க முடிகிறது. இதைச் சுமை என்கிறார்கள்.

மெண்டலீவ் 1869இல் இந்த அட்டவணையை அமைத்தபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63தான். அவர் செய்த பெரிய காரியம் இருந்ததை அடுக்கியது மட்டுமல்ல. இடம் காலியாக விட்டதுதான். இங்கே ஒன்று இருக்க வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தால் இன்ன குணத்தோடு இருக்கும் என்று எழுதி வைத்தார். அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்துக்கு 1875இல் காலியம் வந்து சேர்ந்தது. சிலிக்கனுக்குக் கீழே விட்ட இடத்துக்கு 1886இல் ஜெர்மானியம் வந்தது. அந்தக் காலி இடங்களுக்கு அவர் வைத்த பெயர்களில் ஏக அலுமினியம், ஏக சிலிக்கன் என்று சமஸ்கிருத எண்ணுப் பெயரைச் சேர்த்திருந்தார். இன்றைக்கு 118 இடங்களும் நிரம்பி ஏழு வரிசையும் முழுசாக நிற்கின்றன. 2019ஐ ஐ.நா. சபை ஆவர்த்தன அட்டவணை ஆண்டாகவே கொண்டாடியது. கொண்டாடி நாலு ஆண்டில் நம் நாட்டில் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்!

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து பார்த்தார் ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர். அந்தக் கிரகணத்தில் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் மஞ்சளுக்குப் பக்கத்தில், ஆனால் அது சோடியம் இல்லை. அதுதான் ஹீலியம். பூமியில் அது கைக்குக் கிடைத்தது 1895இல். கம்பி மத்தாப்பின் நிறத்தைப் பார்த்து உள்ளே என்ன உப்பு என்று சொல்கிற அதே வித்தைதான், சூரியன் வரைக்கும் எட்டியிருக்கிறது.

சரி, மருந்து அறைக்கு வருகிறேன்.

விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் ஒரே வாக்கியம்தான் வரும்: மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து. உராய்வு என்ற சொல்லோடு செய்தி முடிந்துவிடும். எதோடு எது உராய்ந்தது, ஏன் இன்று வெடித்தது, ஏன் நேற்று வெடிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. பொட்டாசியம் குளோரேட். இரண்டும் வெள்ளை. இரண்டும் உப்பு. இரண்டிலும் பொட்டாசியம் இருக்கிறது, இரண்டிலும் மூன்று ஆக்சிஜன் இருக்கிறது. நடுவில் ஒன்றுக்கு நைட்ரஜன், மற்றதற்குக் குளோரின். வெடியுப்போடு கந்தகத்தைக் கலந்து பல நூறு ஆண்டுகளாக மனிதன் வேலை செய்திருக்கிறான், எச்சரிக்கையாக இருந்தால் சமாளிக்கலாம். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் கதை வேறு. கந்தகத்தில் இயல்பாக ஒட்டியிருக்கும் துளி அமிலமே அதைக் கிளப்பிவிடப் போதும். லேசான தேய்ப்பு, சின்ன இடி போதும். அதனால்தான் 1992 ஜனவரியில் மத்திய அரசு குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிபொருள் கலவையையே தடை செய்தது. தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு, அங்கே அளவு மிகச் சிறியது. ஆக, ஒரு தனிமத்தின் வித்தியாசம். பெயரில் ஒரு சொல்லின் வித்தியாசம். மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவனுக்கும், வெள்ளை உப்பு என்று மட்டும் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான்.

கலவை, சேர்மம் என்ற வேறுபாட்டை இங்கே வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஒரு பிள்ளையும் மறக்காது. சேர்மத்தில் தனிமங்கள் தங்கள் குணத்தை விட்டுவிட்டுச் சேர்ந்திருக்கின்றன. சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் உலோகம், குளோரின் நச்சுவாயு, இரண்டும் சேர்ந்தது நாம் சோற்றில் போடும் உப்பு. கலவையில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தன் குணத்தோடு பக்கத்தில் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும். பட்டாசு மருந்து ஒரு கலவை. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளே மெல்லச் சூடு ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது. மீந்த மருந்தை ராத்திரி வைத்திருக்காதே, கலந்ததை அன்றே தீர்த்துவிடு என்று சொல்வது மேஸ்திரியின் கோபம் அல்ல. அது வேதியியல்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆசிரியர் தினம். பள்ளியில் பிள்ளைகள் எங்களுக்குப் பேனாவும் பூவும் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். உதவி செய்ய ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

நான் ஒன்றும் அட்டவணையைச் சுவரில் மாட்டினால் விபத்து நின்றுவிடும் என்று சொல்லவில்லை. உள்குத்தகை, ஒரு அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர், அனுமதித்ததைவிட அதிக மருந்து, சீசன் அவசரம், பீஸ் ரேட் கூலி, இவைதான் பெரிய காரணங்கள். இவற்றுக்குப் பொறுப்பு முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும். "படிக்காததால் செத்தான்" என்று பழியைத் தொழிலாளி தலையில் போட என் பதிவை யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம். ஆனால் இந்த மருந்தையும் அந்த மருந்தையும் ஒரே அறையில் வைக்காதீர்கள் என்று வாய் திறந்து சொல்ல ஒருவருக்குத் தைரியம் வேண்டும், தைரியத்துக்கு அடியில் கொஞ்சம் அறிவு வேண்டும். "எனக்கு என்னமோ பயமா இருக்கு அண்ணாச்சி" என்று சொன்னால் சிரிப்பார்கள். "இது குளோரேட், அது கந்தகம், சட்டப்படியே கூடாது" என்றால் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியாது.

தீப்பெட்டியிலும் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தீக்குச்சியில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. அதைச் செய்தவர்களுக்குத் தாடை அழுகியது. இப்போது பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ், அந்த ஆபத்து இல்லை. சேர்மம்கூட இல்லை, இரண்டும் ஒரே தனிமம், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்யும் சட்டம் 1913இலேயே வந்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்துத்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வந்து சேர்ந்தது. அந்த ஒரு சட்டம் முன்னால் வந்ததால் நம் பாட்டிமார் எத்தனை பேருடைய தாடை தப்பியது என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஆலைக்குப் போகாதவர்களுக்கு இதில் என்ன என்று மதினிமார் கேட்கலாம். பாத்ரூம் கழுவ பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் சேர்த்து ஊற்றுகிறீர்களே, அதற்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ரு என்ற ஊரில் போர்க்களத்தில் திறந்துவிட்டார்களே, அதே வாயு. ஜன்னல் சின்னதாக இருக்கிற பாத்ரூமில் இருமல் வந்து கண் எரிந்தால், வாசனை பலமாக இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

குடும்ப குரூப்பில் வாரம் ஒரு முறையாவது "கெமிக்கல் இல்லாத வெல்லம்", "கெமிக்கல் இல்லாத உப்பு" என்று வருகிறது. அனுப்புகிறவர் பெரியவர், நான் அங்கே பதில் போடுவதில்லை. இங்கே சொல்கிறேன். கெமிக்கல் இல்லாத பொருள் என்று ஒன்று கிடையாது, தண்ணீரே ஒரு சேர்மம். வெல்லம் வெளுக்க ஹைட்ரோஸ் போடுகிறார்கள் என்பது உண்மை. அதனால் கேட்க வேண்டிய கேள்வி, கெமிக்கல் இருக்கிறதா என்பதல்ல. என்ன கெமிக்கல், எவ்வளவு? இந்த இரண்டு கேள்வியைக் கேட்கத் தெரிந்த வீட்டை வெல்லக்காரரும் ஏமாற்ற முடியாது, வாட்ஸ்அப்பும் ஏமாற்ற முடியாது.

இப்போது பாடம் நடத்துகிற என் மாணவ ஆசிரியர்களுக்கு (நீங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள்) ஒரு வார்த்தை. பாடம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. 118ஐயும் ஒப்பிக்கச் சொல்லிக் கொல்லாதீர்கள், அதற்குப் பயந்துதான் சுமை என்கிறார்கள். இருபத்தைந்து தனிமம் போதும். சுண்ணாம்பிலிருந்து ஆரம்பியுங்கள். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையைப் பார்க்காத பிள்ளை இருந்தாலும் சுண்ணாம்பு நீற்றும்போது கொதிப்பதைக் கேள்விப்படாத பிள்ளை இருக்காது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ எங்கே என்று கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விட்டது. வெள்ளையடித்த சுவர் காய்ந்து இறுகும்போது அதே கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அணு நிறையை இதைவிட எளிதாக யார் சொல்லிக் கொடுக்க முடியும்? சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத் துணி வெளுக்கிறார்கள், ஒரு நாள் கூட்டிப் போங்கள். சாட்டை, புஸ்வாணம், கம்பி மத்தாப்பு அட்டைகளைத் தீபாவளிக்கு மறுநாள் பொறுக்கி வரச் சொல்லி, அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று படிக்கச் சொல்லுங்கள்.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற என் பிள்ளைகள் இதைப் படித்தால், உங்கள் அறைக்கு வருகிற மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை ஒரு தாளில் அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆலையின் பெயர் வேண்டாம், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். அது என்ன, எதோடு சேரக் கூடாது, ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று தமிழில் நாலு வரி எழுதித் திருப்பி அனுப்புகிறேன். கண் கொஞ்சம் மங்கல், பதில் வர இரண்டு நாள் ஆகலாம்.

சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்பு படிக்கிற பேரன் பேத்திகளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். பீஸ் கிடையாது. அடுப்படியிலிருந்து ஐந்து பொருளைப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும். சோடா உப்பை யாராவது ஒருவர் கொண்டுவந்தால் போதும், போன முறை ஆறு பேர் அதையே கொண்டுவந்துவிட்டார்கள்.